புல் தோட்டம் புகுந்த வரலாறு

மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு லாலாங் புல்லைப் பற்றி எடுத்துக் கூற வேண்டுவதில்லை. காட்டை வெட்டிச் சுட்ட நிலத்தில் ரப்பர்க் கன்று வேர் ஊன்றுவதற்கு முன்பே லாலாங் வந்து நின்றுவிடும். எரித்தால் முன்னிலும் செழித்துத் துளிர்க்கும். அரிந்தால், மண்ணுக்கு அடியில் ஓடும் வெண்ணிறத் தண்டிலிருந்து மீண்டும் கிளம்பும். அத்தண்டில் விரலளவு துண்டம் மண்ணில் தங்கினாலும் அதற்குப் போதும். அதனை ஒழிப்பதற்காகச் சோடியம் ஆர்சனைட் என்னும் கொடிய நஞ்சை நீரிற் கரைத்துத் தெளித்த காலமும் இருந்தது. அவ்வாறு தெளித்த கைகளுள் பல தமிழர் கைகள்.

அதே புல்லில், இலையின் மேற்பாதி குருதி நிறமாகச் சிவக்கும் வகை ஒன்று உண்டு. ஜப்பானியர் அதனைத் தொட்டிகளிலும் தோட்டங்களிலும் அழகுக்காக வளர்த்தனர். பின்னர் மேனாட்டு நாற்றுப் பண்ணைகள் அதற்கு 'ரெட் பேரன்' என்று பெயர் சூட்டி, ஒரு தொட்டி இன்ன விலை என்று விற்கலாயின. ஓரிடத்தில் கூலி கொடுத்து அழிக்கப்படும் புல் வேறோரிடத்தில் விலை கொடுத்து வாங்கி நடப்படுகின்றது. அறுக்கவும் மேய்க்கவும் களையவும் மட்டுமே உரியது என்று கருதப்பட்ட புல், வீட்டுத் தோட்டத்தில் ரோசாவுக்குப் பக்கத்தில் இடம் பெற்றது எவ்வாறு? அவ்வரலாறு பெரிதும் இருநூறு ஆண்டுகளுக்கு உட்பட்டது. அதன் நடுவில் நிற்பவர் ஜெர்மானியத் தோட்டக்காரர் ஒருவர்.

மழித்த புல்லும் மலர்ந்த புல்லும்

புல் என்றவுடன் காலடியில் மிதிபடும் சிறு பூண்டே இன்று நினைவுக்கு வருகின்றது. தொல்காப்பியரோ, புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும் அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் மரபியலில் வகுத்துக் காட்டினார். அவ்வகுப்பின்படி தெங்கும் பனையும் மூங்கிலும் புல்லாகும். இக்காலத் தாவர நூலார் தெங்கையும் பனையையும் பிரித்து வேறு குடும்பத்தில் வைப்பர். மூங்கிலைப் புல் குடும்பத்திலேயே வைப்பர். நெல்லும் கம்பும் கேழ்வரகும் கரும்பும் அக்குடும்பத்தினவே. ஏறத்தாழ 12,000 இனங்கள் கொண்ட பெருங்குடும்பம் அது. உலகத்தார் நாள்தோறும் உண்பதில் பெரும்பகுதி புல்லின் விதையே.

ஆயினும் அழகு கருதிப் புல்லை வளர்த்தவர் சிலரே. ஐரோப்பியத் தோட்டங்களில் புல் இல்லாமல் இல்லை, மிகுதியாகவே இருந்தது. ஆனால் அது மழித்த புல்லாக இருந்தது. செல்வர் மாளிகைகளின் முன்னே விரிந்து கிடந்த பசும்புல் தரையை ஆட்கள் நெடுங்கைப் பிடி அரிவாள் கொண்டு அரிந்துவந்தனர். 1830-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் பகுதியில் எட்வின் பட்டிங் என்பவர், கம்பளித் துணியின்மேல் நீட்டி நிற்கும் நூல்முனைகளைச் சமன்செய்யும் ஆலைப்பொறியைக் கண்டு, அதே முறையில் புல் வெட்டும் பொறி ஒன்றை அமைத்துக் காப்புரிமை பெற்றார். அதன் பின்னர் நடுத்தரக் குடும்பத்தாரும் புல்தரை வைத்துக்கொள்ள முடிந்தது. புல்தரையின் சிறப்பெல்லாம் அது பூக்காமல் இருப்பதில்தான். கதிர் தலை நீட்டுமுன் வெட்டப்பட்டுவிடும். ஆகவே தம் வீட்டு வாயிலில் ஆண்டெல்லாம் புல் வளர்த்தவர்கள் அப்புல்லின் பூவை ஒருமுறையும் காணாமலே வாழ்ந்து மறைந்தனர்.

புல்லின் பூவுக்கு இதழ் இல்லை. வண்டை அழைக்க வேண்டிய தேவையும் இல்லை. காற்றே அதற்குத் தூது. அதனால் புல்லின் அழகு நிறத்தில் இல்லை. வடிவிலும் அசைவிலும், மாலை வெயில் கதிரின் ஊடே பாயும்போது தோன்றும் ஒளியிலும் அடங்கியிருக்கின்றது. நிறம் தேடிச் செல்லும் கண்ணுக்கு அது புலப்படுவதில்லை. வெள்ளைக் கோடு ஓடிய இலையுடைய ஒரு நாணற்புல்லும், சிறு மணிகள் போன்ற கதிர்கள் தொங்கியாடும் ஒரு நடுங்கு புல்லும் பழைய ஐரோப்பியத் தோட்டங்களில் ஓரத்தில் இடம் பெற்றிருந்தன. அவையும் வேடிக்கைப் பொருள்களாகவே வைக்கப்பட்டன.

நிலவுக்குப் படைத்த கதிர்

மலர்ந்த புல்லை முதலில் மதித்த நாடுகளுள் ஜப்பான் தலையாயது. அங்கே மலைச்சரிவுகளில் ஆள் உயரத்துக்கு வளரும் சுசுகி என்னும் புல் உண்டு. தாவர நூலார் அதனை மிஸ்காந்தஸ் சினென்சிஸ் என்பர். கரும்புக்கு நெருங்கிய உறவுடையது. கரும்புப் பூவைக் கண்டவர் சுசுகியின் பூங்கதிரையும் எளிதில் உள்ளத்தில் வரைந்துகொள்ளலாம். எட்டாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட மான்யோஷு என்னும் பழந்தொகை நூலில், யமனோவே நோ ஒகுரா என்னும் புலவர் இலையுதிர்காலத்து மலர்கள் ஏழினைப் பெயர் கூறி வரிசைப்படுத்தும்போது இப்புல்லையும் ஒன்றாகச் சேர்த்தார். அங்கே அதற்கு அவர் வழங்கிய பெயரின் பொருள் 'வால்பூ' என்பது. புல்லை மலர் வரிசையில் வைத்த அச்செயலே அந்நாட்டார் கண் எத்தகையது என்பதைக் காட்டும்.

இலையுதிர்கால முழுநிலவு நாளில் வீட்டு முற்றத்தில் அரிசி மாவு உருண்டைகளோடு சுசுகிக் கதிர்களையும் வைத்து நிலவைப் போற்றுவது ஜப்பானியர் வழக்கம். இப்புல் கூரைக்கும் பயன்பட்டது. ஷிரகாவாகோ சிற்றூரின் செங்குத்தான பெருங்கூரைகள் இத்தகைய புல்லால் வேயப்பட்டவையே. கூரைக்காக ஆண்டுதோறும் அறுத்துவந்த புல்வெளிகள், ஓட்டு வீடுகளும் தகர வீடுகளும் வந்த பின்னர்ச் சுருங்கிப் போயின.

ஜப்பானின் கதவுகள் மேனாட்டு வணிகத்துக்குத் திறந்த பிறகு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுசுகி வகைகள் ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. இலையின் குறுக்கே மஞ்சட் பட்டை விழுந்த வகை ஒன்றும், மெல்லிய இலை வளைந்து வீழும் வகை ஒன்றும் அவற்றுட் குறிப்பிடத்தக்கவை. வந்த செடிகள் நன்கு வளர்ந்தன. ஆனால் வட ஐரோப்பாவில் அவை பூக்கவில்லை. இக்குறை தீர்வதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆயின.

பாம்பாஸ் மோகம்

அதற்கு முன்னரே வேறொரு புல் ஐரோப்பியரை மயக்கியிருந்தது. அது தென்னமெரிக்காவின் பாம்பாஸ் புல். பத்தடி உயரம் வளர்ந்து, வெண்சாமரம் போன்ற கதிர்களை ஏந்தி நிற்கும். இலையின் ஓரம் அரம் போன்றது, கையைக் கிழித்துவிடும். எடின்பரோவில் தோட்டத் தலைவராக இருந்து, பின்னர்ப் புவெனோசு ஐரெசு நகரில் குடியேறிய ஜான் ட்வீடி என்னும் ஸ்காத்லாந்துக்காரர், 1840-ஆம் ஆண்டளவில் அதன் விதையை அயர்லாந்தின் கிளாஸ்னெவின் தாவரத் தோட்டத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கிருந்து அது பிரிட்டன் எங்கும் பரவிற்று. விக்டோரியா அரசியார் காலத்து வீடுகளின் முன்புறப் புல்தரையின் நட்டநடுவே ஒரு பாம்பாஸ் தூர் நிற்பது மதிப்புக்கு அடையாளமாயிற்று.

வீட்டுக்கு உள்ளேயும் அது நுழைந்தது. உலர்ந்த கதிர்களைச் சாடியில் செருகி வைப்பது அக்காலத்து வழக்கம். கலிபோர்னியாவின் சாண்டா பார்பராப் பகுதியில் ஜோசப் செக்ஸ்டன் என்னும் பண்ணைக்காரர் 1870-களில் ஒரு நுட்பம் கண்டார். பாம்பாசில் ஆண் தூர் வேறு, பெண் தூர் வேறு. பெண் கதிரே பட்டுப் போன்றது. அது உறையை விட்டு முழுதும் வெளிவருமுன் பறித்து, உறையை உரித்து வெயிலில் உலர்த்தினால், பஞ்சு உதிராமல் நெடுங்காலம் நிற்கும். இந்நுட்பத்தால் அப்பகுதியில் பாம்பாஸ் வேளாண்மை பெருகி, கதிர்கள் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாயின. பலவகைச் சாயங்களும் ஏற்றப்பட்டன. ஆனால் மோகம் என்பது மோகமே. நூற்றாண்டு முடிவதற்குள் வாங்குவோர் வேறு பொருளை நாடிச் சென்றுவிட்டனர், வாணிகமும் வீழ்ந்தது.

பாம்பாஸ் புல் தோட்டத்துக்கு வந்தது உண்மையே. ஆயினும் அது தனியொரு காட்சிப் பொருளாகவே வந்தது. ஏனைய செடிகளோடு கலந்து வாழ வரவில்லை. மழித்த தரையின் நடுவே ஒரு பெருந்தூர் என்பதற்கு மேல் அக்காலத்தார் எண்ணிப் பார்க்கவில்லை. புல்லைத் தோட்டத்தின் உறுப்பாக எண்ணிப் பார்த்தவர் பின்னர் வந்தார்.

போர்னிம் பண்ணை

கார்ல் ஃபோர்ஸ்டர் 1874-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 9-ஆம் நாள் பெர்லினில் பிறந்தார். தந்தையார் வில்ஹெல்ம் ஃபோர்ஸ்டர் புகழ்பெற்ற வானநூல் அறிஞர். பெர்லின் வானாய்வுக் கூடத்தின் தலைவர். விண்மீனை அளந்தவரின் மகன் புல்லை நோக்கிக் குனிந்தது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் நாள்தோறும் அதே பொருளை நோக்கிக் குறித்து வைக்கும் பொறுமை அக்குடும்பத்தில் இருந்தது என்று கொள்வதில் தவறில்லை.

இளமையிலேயே தோட்டத் தொழில் பயின்ற அவர், 1903-இல் பெர்லினின் வெஸ்ட்எண்ட் பகுதியில் பெற்றோர் மனையிலேயே ஒரு சிறு நாற்றுப் பண்ணை தொடங்கினார். 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதனைப் போட்ஸ்டாம் நகரை அடுத்த போர்னிம் என்னும் சிற்றூருக்கு மாற்றி, அங்கே வீடும் கட்டிக்கொண்டார். வீட்டின் முன் நிலத்தைத் தாழ அகழ்ந்து, படிப்படியாக இறங்கும் தோட்டம் ஒன்றையும் அமைத்தார். வாங்க வருவோர்க்கு அதுவே காட்சிக்கூடம்.

அவர் காலத்துச் செல்வர் தோட்டங்களில் ஒரு பருவச் செடிகளே மிகுதி. கண்ணாடி வீட்டில் வளர்த்த நாற்றை வேனிலில் பாத்தியில் நட்டு, பூத்து முடிந்ததும் பிடுங்கி எறிவர். அதற்கு ஆளும் வேண்டும், பொருளும் வேண்டும். ஃபோர்ஸ்டர் வேறு வழி தேடினார். ஒருமுறை நட்டால் பனியையும் உறைவையும் தாங்கி ஆண்டாண்டாகத் தழைக்கும் செடிகளைத் தேர்ந்தெடுத்து, எளிய குடும்பத்தாரும் தோட்டம் வைத்துக்கொள்ளச் செய்வதே அவர் நோக்கம். நீல நிற டெல்பினியம் மலர்களில் அவர் பெருக்கிய வகைகளே அவருக்கு முதலில் புகழ் தந்தன. அவர் வாழ்நாளில் உருவாக்கிய மலர்ச்செடி வகைகள் முந்நூறுக்கு மேற்பட்டவை.

இங்கே புல்லின் தேவை எழுந்தது. பல்லாண்டுச் செடிகள் சில கிழமைகளே பூக்கும். மற்ற நாளெல்லாம் பாத்தி வெறுமையாகக் கிடக்கும். ஐரோப்பியர்க்குப் பருவம் நான்கு. ஃபோர்ஸ்டரோ ஆண்டை ஏழு பருவங்களாகப் பகுத்துக்கொண்டு, ஏழிலும் தோட்டத்தில் காட்சி இருத்தல் வேண்டும் என்றார். பெரும்பொழுது ஆறு என்று கணக்கிட்ட தமிழர்க்கு இப்பகுப்பு வியப்பளிக்காது. அவர் கணக்கில் முன்பனிக்கும் முழுக்குளிருக்கும் உரிய செடி யாது? இலை உதிர்ந்து, மலர் கருகி, எல்லாம் மண்ணோடு மண்ணாகும் திங்களில் உலர்ந்தும் வீழாமல் நிற்பது புல் ஒன்றே. பொன்னிறமான தாளின்மேல் உறைபனி படிந்து நிற்கும் காட்சியை அவர் மலருக்கு ஒப்பவே மதித்தார். முதிர்ந்து காய்ந்த செடியை அழுக்கென்று அறுத்தெறியும் இலையுதிர்கால வழக்கத்தை அவர் கைவிடச் சொன்னார். இன்றும் அத்தகைய புல்லைக் குளிர் முடியும்வரை விட்டுவைத்து, புதுத் தளிர் தோன்றுமுன் ஒரு சாண் உயரம் விட்டு அறுப்பதே முறை.

1930-களில் ஹாம்பர்க் தாவரத் தோட்டத்தில் ஒரு புல் அவர் கண்ணிற் பட்டது. அதன் வரலாறு கருதத்தக்கது. அது இரண்டு ஐரோப்பியக் காட்டுப் புற்களின் இயற்கைக் கலப்பு. பெற்றோரில் ஒன்றாகிய கலமகிராஸ்டிஸ் எபிகெயோஸ் என்பது, மரம் வெட்டிய காடுகளில் நிலத்தடித் தண்டுகளை ஓடவிட்டு இடத்தையெல்லாம் கைப்பற்றும் களை. ஐரோப்பியக் காட்டுத்துறையினர்க்கு அது நம் லாலாங்கைப் போன்றது எனலாம். ஆனால் பிள்ளை பெற்றோரைப்போல் ஓடித் திரியவில்லை. நின்ற இடத்திலேயே தூர் கட்டிற்று. ஐந்தாறு அடி உயரத்துக்கு நேராக நிமிர்ந்தது. வேனில் தொடக்கத்திலேயே பூத்து, பின்பனி வரை சாயாது நின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது விதை கட்டவில்லை. கலப்பினத்தின் மலட்டுத்தன்மை அது. விதை இல்லாமையால் தூரைப் பிரித்து நடுவதொன்றே அதனைப் பெருக்கும் வழி. பின்னாளில் 'கார்ல் ஃபோர்ஸ்டர்' என்று அவர் பெயராலேயே வழங்கிய அப்புல் இன்று உலகில் எங்கெங்கு நின்றாலும், அதெல்லாம் பழைய தூரிலிருந்து வாழையடி வாழையாக வந்த ஒரே செடியே ஆகும்.

அவர் வாழ்ந்த காலம் எளியதன்று. 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பின்னர், அவர் தமையனாரும் அமைதிக் கொள்கையினருமான ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் ஃபோர்ஸ்டரின் நூல்கள் நெருப்பிலிடப்பட்டன. செடிகளிலும் இனத்தூய்மை பேசப்பட்டது. ஜெர்மன் மண்ணுக்குரிய செடிகளையே நடுதல் வேண்டும் என்ற குரல் தோட்டக்கலையாரிடையே ஓங்கி ஒலித்தது. ஆனால் ஜப்பானியப் புல்லும் அமெரிக்கப் புல்லும் மலர்களும் கலந்து நிற்பதே ஃபோர்ஸ்டரின் தோட்டம். அவற்றை நீக்கிவிட்டால் அவர் வாழ்நாள் வேலையில் எஞ்சுவது சிறிதே. அவர் நீக்கவில்லை.

போருக்குப் பின் போட்ஸ்டாம் சோவியத்துப் பகுதியாகி, பின்னர்க் கிழக்கு ஜெர்மனியில் அடங்கிற்று. பண்ணை தொடர்ந்து நடந்தது. 1950-இல் பெர்லின் ஹும்போல்ட் பல்கலைக்கழகம் அவருக்குச் சிறப்பு டாக்டர் பட்டம் வழங்கிற்று. 1957-ஆம் ஆண்டில், தம் 83-ஆம் வயதில், புல்லையும் பெரணியையும் தோட்டத்தில் சேர்ப்பதற்கென்றே ஒரு தனி நூலை வெளியிட்டார். நூலின் பெயரே அவற்றின் தோட்டப் புகுவிழா என்று பொருள்படுவது. மணமகளோ வெற்றி வேந்தனோ நுழைவதற்கு ஜெர்மானியர் வழங்கும் சொல்லை அவர் புல்லுக்கு வழங்கினார். 1970-ஆம் ஆண்டு நவம்பர் 27-ஆம் நாள் தம் 96-ஆம் வயதில் அவர் மறைந்தார். இரண்டு ஆண்டுகளில் பண்ணை அரசுடைமையாயிற்று. தோட்டம் 1981-இல் காக்கப்படும் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஜெர்மனி ஒன்றான பின்னர் அவர் மகளார் மரியானே திரும்பி வந்து, 2010-இல் தாம் மறையும்வரை அத்தோட்டத்தைப் பேணினார்.

லேர் நகரத்துக் கண்ணாடி வீடு

சுசுகி ஐரோப்பாவில் பூக்காத குறையை மேலே கண்டோம். அதன் காரணம் எளியது. புற்களில் குளிர்காலம் முடிந்தவுடன் விழித்து வளர்பவை ஒருவகை. வெப்பம் ஏறிய பின்னரே வளர்பவை மற்றொரு வகை. கரும்பு, கம்பு, லாலாங், சுசுகி ஆகியன பின்னைய வகை. நீண்ட வெப்பக் கோடை உள்ள ஜப்பானில் சுசுகி நிலவு விழாவுக்குள் கதிர் விட்டுவிடும். வட ஜெர்மனியின் குறுங்கோடையில் கதிர் தோன்றுமுன் உறைபனி விழுந்துவிடும்.

ஃபோர்ஸ்டரிடம் தொழில் பயின்ற எர்ன்ஸ்ட் பாகெல்ஸ் (1913-2007) போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியின் வடகோடியில், லேர் நகரில் பண்ணை வைத்தார். ஆசிரியர் கிழக்கே, மாணவர் மேற்கே, நடுவில் எல்லை. ஆசிரியரிடமிருந்து ஒரு விதைப் பொட்டலம் மாணவருக்கு வந்து சேர்ந்தது. அதிலிருந்து தேர்ந்த நீல சால்வியா 1955-இல் வெளிவந்து பாகெல்சுக்குப் பெயர் தந்தது.

சுசுகியில் அவர் செய்த வேலை அதனினும் பெரிது. மெல்லிலை வகையைக் கண்ணாடி வீட்டுக்குள் கொண்டுவந்து, வெப்பம் கொடுத்துப் பூக்கச் செய்து விதை எடுத்தார். அவ்விதையில் முளைத்த நாற்றுகளில் எது முந்திப் பூக்கின்றதோ அதனைத் தேர்ந்து மீண்டும் விதை எடுத்தார். ஆண்டுகள் பல சென்றன. 'சிறு ஊற்று', 'சிறு வெள்ளிச் சிலந்தி', 'பூநாரை' என்று பொருள்படும் பெயர்களோடு வகை வகையாக அவர் பண்ணையிலிருந்து சுசுகிகள் வெளிவந்தன. வடபுலத்துக் குறுங்கோடையிலும் அவை கதிர் விட்டன. டச்சு நாட்டுத் தோட்ட அமைப்பாளர் பீட் அவுடோல்ஃப் போன்றோர் லேருக்குச் சென்று செடி வாங்கினர். 2009-இல் நியூயார்க்கில் பழைய இருப்புப்பாதைப் பாலத்தின்மேல் திறக்கப்பட்ட ஹைலைன் பூங்காவில் புல்லும் மலரும் கலந்து நிற்கும் நடவு அவுடோல்ஃபின் அமைப்பே.

அமெரிக்காவுக்குப் புல் சென்றதும் ஜெர்மானியர் வழியாகவே. செம்னிட்ஸ் நகரிற் பிறந்த வோல்ஃப்காங் ஏமே 1957-இல் பால்டிமோர் சென்றார். கூர்ட் புளூமெல் என்பார் மேரிலாந்தில் புற்களுக்கெனப் பண்ணை வைத்தார். 'கார்ல் ஃபோர்ஸ்டர்' புல் டென்மார்க்கு வழியாக 1964-இல் அங்கே போய்ச் சேர்ந்தது. 1977-இல் வாஷிங்டனில் மத்திய வங்கித் தலைமையகத்தின் தோட்டத்தை ஏமேயும் அவர் கூட்டாளி ஜேம்ஸ் வான் சுவீடனும் புற்களைக் கொண்டு அமைத்தனர். மழித்த புல்தரையே மானம் எனக் கருதிய நாட்டில், அரசாங்க வங்கி வாயிலில் ஆளுயரப் புல் அசைந்தது சிறு புரட்சியே. 2001-இல் அமெரிக்கப் பல்லாண்டுச் செடிச் சங்கம் 'கார்ல் ஃபோர்ஸ்டர்' புல்லை அவ்வாண்டின் சிறந்த செடியாகத் தேர்ந்தது. அப்பெருமை பெற்ற முதற்புல் அதுவே.

வேலி தாண்டிய புல்

இவ்வளவும் வெற்றி வரலாறு. இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. அதனை விடுத்தால் வரலாறு அரைகுறையாகும்.

ஆப்பிரிக்காவின் வடபகுதிக்குரிய ஊற்றுப்புல் என்பது கம்புக்கு உறவானது. வளைந்த மென்கதிர்களின் அழகுக்காக அது ஹவாய்த் தீவுக்கு 1914-ஐ ஒட்டிக் கொண்டுவரப்பட்டது. அங்கே வேலி தாண்டி, எரிமலைக் குழம்பு இறுகிய கற்பரப்பெல்லாம் பரவி நின்றது. முன்பு அக்கற்பரப்பில் தீப்பற்றுவதற்கு ஒன்றும் இராது. காய்ந்த புல் அதற்கு எண்ணெயாயிற்று. தீக்குப் பழகாத தீவு மரங்கள் எரிந்தழிந்த இடத்தில் புல்லே மீண்டும் முளைத்தது. 2017-இல் ஐரோப்பிய ஒன்றியம் இப்புல்லைத் தீங்கு பயக்கும் அயற்செடிகளின் பட்டியலிற் சேர்த்து விற்பனையைத் தடுத்தது. அதே இனத்தின் உறவான செந்நிற இலை ஊற்றுப்புல்லோ விதை கட்டுவது அரிது. ஆகவே அது தோட்டங்களில் தீங்கின்றி நிற்கின்றது.

விக்டோரியா காலத்தார் போற்றிய பாம்பாஸ் நியூசீலந்தில் விற்கவும் வளர்த்துப் பரப்பவும் தடை பெற்றது. அதன் ஆண்டீஸ் மலை உறவு இன்னும் பொல்லாதது. அதில் எல்லாம் பெண் தூர்களே. மகரந்தம் இன்றியே விதை முற்றும். கலிபோர்னியாக் கடற்கரையில் அது பிடித்த இடம் பெரிது.

சுசுகியின் கதை இவற்றினும் நுட்பமானது. ஒரு வகைச் சுசுகி தன் மகரந்தத்தால் தான் விதை கட்டாது. ஊரில் ஒருவர் மட்டும் வளர்த்தால் பெரும்பாலும் கேடில்லை. பக்கத்து வீட்டார் வேறொரு வகையை நட்டால், காற்று இரண்டையும் கூட்டிவைக்கும், விதை பறக்கும். முன்பெல்லாம் பூ தாமதமாக வந்ததால் விதை முற்றுமுன் உறைபனி அதனைக் கொன்றது. பாகெல்ஸ் முந்திப் பூக்கச் செய்தமையால் விதை முற்றுவதற்கும் நாள் கிடைத்தது. அழகுக்காகச் செய்த திருத்தமே பரவுதலுக்கும் துணையாயிற்று. அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில், வட கரோலினாவின் ஆஷ்வில் போன்ற இடங்களில், சாலையோரங்களில் சுசுகி காடாக நிற்கின்றது. சில மாநிலங்கள் அதன் விற்பனைக்கு வரம்பு கட்டின.

இதனோடு ஒப்பு நோக்கத்தக்கது 1935-இல் டென்மார்க்குத் தோட்டக்காரர் ஆக்செல் ஓல்சன் யோகோகாமாவிலிருந்து கொண்டுவந்த பெரும் மிஸ்காந்தஸ். அது சுசுகியும் வேறோர் இனமும் கலந்து பிறந்தது. ஒரு பெற்றோரிடம் 38 நிறக்கோல்கள், மற்றதனிடம் 76, பிள்ளையிடம் 57. மும்மடியான இவ்வெண் இரண்டாகப் பிரியாமையால் அதற்கு விதை இல்லை. நாம் உண்ணும் வாழைப்பழம் விதையின்றி இருப்பதும் இத்தகைய மும்மடிக் கணக்கினாலேயே. பத்தடிக்கு மேல் உயரும் அப்புல் இப்போது எரிபொருளுக்காக வயல் வயலாகப் பயிரிடப்படுகின்றது.

ஆகவே வீட்டுத் தோட்டத்தில் புல் நட விரும்புவோர் முதலில் கேட்க வேண்டியது அது எத்தனை அடி உயரும், என்ன நிறம் என்பதன்று. தூர் கட்டி நின்ற இடத்தில் நிற்குமா, மண்ணுக்கடியில் ஓடுமா? விதை கட்டுமா, கட்டாதா? ஹாம்பர்க்கில் அந்த ஒரு புல்லை எடுத்துக்கொண்டபோது ஃபோர்ஸ்டர் இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்துத்தான் எடுத்தார் என்று சொல்ல இயலாது. குறுக்கே வீழாமல் நிற்கும் அதன் நிமிர்வே அவரை ஈர்த்திருக்கலாம். ஆனால் காலம் செல்லச் செல்ல அதன் மலட்டுத்தன்மையே அதற்கு நற்சான்றாயிற்று.

லாலாங்குக்கு அத்தகைய சான்று கிடைக்கவில்லை. அது 1912-ஐ ஒட்டி அலபாமா மாநிலத்தின் கிராண்டு பே துறைக்கு ஜப்பானிய ஆரஞ்சுக் கன்றுகளைச் சுற்றியிருந்த பொதிபுல்லாக வந்து இறங்கிற்று. இன்று அமெரிக்க அரசின் தீங்குக் களைப் பட்டியலில் உள்ளது. சிவந்த 'ரெட் பேரன்' வகையையும் தென் மாநிலங்கள் சில தடுத்துவிட்டன. குளிர்நாட்டுத் தோட்டங்களில் அது இன்னும் வளர்கின்றது. சிறிதாக, மெல்லப் பரவுவதாக, பூவாததாக. ஆயினும் அதன் தூரில் சில வேளை ஒரு தளிர் சிவப்பை மறந்து முழுப் பச்சையாக எழும். அத்தளிர் தாய்ப்புல்லினும் விரைந்து வளரும். தரைக்கடியில் தண்டு ஓட்டும். அதனைக் கண்டவுடன் மண்வெட்டி எடுத்து, வெண்டண்டின் துணுக்கு ஒன்றும் எஞ்சாதபடி தோண்டி எறியுமாறு பண்ணைக்காரர் வாங்குவோரிடம் சொல்லி அனுப்புவர்.